டெஸ்ஸா திறந்த கதவு

கர்டிஸ்,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அலாஸ்காவில் கப்பலில் மீன் பிடிக்கிற நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கவலையை எல்லாம் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பனி சீக்கிரமே கொட்ட ஆரம்பித்துவிட்டது, மான் வேட்டைக்கு நான் போகவில்லை, உன் துப்பாக்கியையும் சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இதெல்லாம் விசாரிக்க உனக்கு நேரம் ஏது. விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் எவனோ புகுந்து சுட்டதிலிருந்து உன் மகள் டெஸ்ஸா தனியாகக் குளியலறைக்குக்கூடப் போவதில்லை. தாயில்லாத பிள்ளை, ஆறு வயசு. போனில் உன்னிடம் அழுதாளே, நீ என்ன சொன்னாய்? "எவனாவது வந்தா அப்பா துப்பாக்கியோட வந்து அவன ஒரே போடா போட்டுருவேன், பயப்படாத செல்லம்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெரிய வீராதி வீரன். நீ விமானம் மாறி மாறி இங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாது, நம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில், துப்பாக்கிக்காரன் எவனாவது புகுந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகள் மூச்சுக்காட்டாமல் மூலையில் உட்கார வேண்டும். தலைமையாசிரியர் வெளியே நடந்துவந்து, பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஆட்டிப் பார்ப்பார். கைப்பிடி ஆடியதும் உன் மகள் எழுந்து ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். டீச்சர் ஹால்வர்சன் பாய்ந்து பிடிப்பதற்குள் கதவு விரியத் திறந்தாயிற்று. ஏன் திறந்தாய் என்று கேட்டால், "எங்க அப்பா வந்திருக்காரு, பூட்டியிருந்தா எப்படி உள்ள வருவாரு?" என்றாளாம். டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச்சொல்லி இதைச் சொன்னார். கூடப் படிக்கிற பையனின் தாய் ஒருத்தி கடைவாசலில் என்னை நிறுத்தி, "உங்க பேத்தியால எங்க புள்ள சாகணுமா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், எல்லாம் உன்னால்.

நானும் உன் அம்மாவும் அவளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். "அப்பா பொய் சொல்ல மாட்டாரு தாத்தா, உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது" என்று என்னையே மடக்குகிறாள். நீ எதிரில் இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். பொம்மை ஒன்றும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பாவால் வர முடியாது என்று சொல். பயந்தால் டீச்சரை ஒட்டி உட்கார்ந்துகொள், அவர் உங்களை விட்டுப் போக மாட்டார் என்று சொல். அழுவாள், அழட்டும், நீ பாதியில் போனை வைத்துவிட்டு ஓடாதே.

கையுறை இல்லாமல் வலை இழுக்காதே. கடவுள் உன்னைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும், அவளுக்கு இருப்பது நீ ஒருவன்தான். ஞாயிறு, மறந்துவிடாதே. கதவுக்கு வெளியே நின்று நீயே பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது என்று உன் வாயாலேயே அவளிடம் சொல்.

உன் அப்பா,
வென்டெல்