ஆமி லொறிக்கு என்ன கலர்?

திங்கள், ஜூன் 3

விடாத மழை. எழுதவே வெட்கம். வயசு ஐம்பத்திரண்டு, எஸ்டேட் ஆபிஸில் பெரிய கிளாக்கர். கோயில் கமிட்டிக் கூட்டம் என்று பெண்டாட்டி ராணியிடம் பொய் சொல்லிவிட்டு, ரப்பர் பேக்டரிக்குப் பின்னால் கிடக்கும் பழைய ஆமி லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வேட்டி கிழிசல். அட்டை கடித்த இடத்தை டயரியில்கூட எழுத முடியாது.

எல்லாம் என் உள்ளங்கையளவு லொறிக்காக. சனிக்கிழமை இரத்தினபுரியில் மாடல் கண்காட்சி. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளம் விட்டுப்போன அதே லொறி, அச்சு அசலாக. பெயின்ட் மட்டும் பாக்கி. அன்றைக்கு அதற்கு என்ன கலர்? பிரவுன் என்கிறேன் நான். ராணியின் தம்பி சந்திரனுக்கும் இதே பைத்தியம். அவன் (இனி ச.) பச்சை என்கிறான்.

"பட்டாளம்னாலே பச்சைதான் மச்சான். காட்டுக்குள்ள பிரவுன் லொறி ஓட்ட அவங்க என்ன கிறுக்கனுங்களா?"

"காட்டைப் பார்த்தாடா பெயின்ட் அடிச்சான்? கப்பல்ல ஏத்தும்போதே அடிச்சிட்டான்."

பந்தயம்: தோற்றவன் மீசையை எடுக்கணும். என் மீசை கல்யாணத்துக்கு முந்தியது. ராணிக்கே சீனியர்.

செவ்வாய்

மழை விட்டது. களவு நடக்காமலிருக்க ச.வும் நானும் சேர்ந்தே சுரண்டினோம். ஈரமாக்கிய சாண்ட் பேப்பர். மேலே எஸ்டேட் பச்சை: தொழிலாளர் லயத்துக் கதவு, கக்கூஸ் கதவு, ஆஸ்பத்திரிக் கதவு, எல்லாத்துக்கும் அடிக்கிற அதே பச்சை. அடியில் நீலம். அதுக்கும் அடியில்... அட, பழசு! நகத்தளவு செதில் ஒன்று பெயர்ந்து வந்தது. எனக்குப் பிரவுன். ச.வுக்குப் பச்சை. ராணிக்கு அழுக்கு.

"சாமி ரூமுக்குப் பெயின்ட் அடிங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இந்த மனுசன் லொறிக்கு அடியில போய் கலர் தேடுது."

புதன்

தீர்ப்புக்கு ஆள் கிடைத்தது. குருவிட்ட ஊர் நசீர் நானா, மாணிக்கக்கல் வியாபாரி. கல்லின் நிறத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. பல்ப் வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். காலை வெயிலில், வாசலில் நின்றுதான். அதனால் முதல் பஸ்.

செதிலை நீலக்கல் மாதிரியே இடுக்கியில் பிடித்தார். தூக்கினார், திருப்பினார். நான் மீசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பச்சையெண்டு சொல்ல இதுல ஒண்டுமில்ல. நல்ல பிரவுன். கித்துள் ஹக்குரு வெல்லம் மாதிரி."

"நானா, இன்னொருக்கா பாருங்களேன்..." ச.வின் குரல் அழுகிற மாதிரி.

"நான் கல்லையே ரெண்டாந்தரம் பாக்குறல்ல தம்பி."

வரும்போது பஸ்ஸில் துள்ளாத குறை. கண்டக்டருக்கும் விளக்கினேன். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

வியாழன்

கடையில் கித்துள் ஹக்குரு ஒரு கட்டி. பக்கத்தில் வைத்துக் கலர் கலக்க. பிரவுன், கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி கறுப்பு. அப்படியே ஹக்குரு! செதிலோடு வைத்தால் லேசாக இடித்தது. செதில் பழசு, நானா சொன்னதுதான் கணக்கு. ரெண்டு கோட். ஜோர்! கட்டியில் பாதியை நான் தின்றேன். மீதி ச.வுக்கு, ஆறுதலாக.

சாயந்திரம் ச. சலூனுக்குப் போய் வந்தான். மேலுதடு உரித்த கிழங்கு. அவன் பெண்டாட்டி பாதிக் கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றாளாம். லயம் முழுக்க இதே பேச்சு. பரப்பியது நானில்லை. முக்கால்வாசிதான் நான்.

வெள்ளி

நல்ல வெயில். லொறி காய்ந்து, பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் மாப்பிள்ளை மாதிரி. நாளைக்கு நானாவையும் கூட்டிப்போகலாமே என்று போன் போட்டேன்.

"வர ஏலாது தம்பி. நாளைக்குக் கண் ஆப்பரேஷன். வெண்புரை. ஒரு வருசமா எனக்குப் பாக்குறதெல்லாம் பால் ஊத்தாத பிளேன்டீ நிறத்துலதான் ஈக்குது."