எல்லைக்கல்லுக்கு வந்த வண்டி

சுடலைவிளை,
தாரண வருஷம் ஆவணி 27

சிரஞ்சீவி தாணுலிங்கத்துக்கு அய்யா எழுதுவது. கொழும்பில் நீ சுகமாக இருக்க முத்தாரம்மன் துணை. இங்கே நானும் உன் அம்மையும் சின்னவள் செல்லக்கிளியும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. மூத்தவள் தங்கத்தாய் போனதைத் தந்தியில் அறிந்திருப்பாய். தந்தியில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டின மூன்றாம் நாள் கீழத்தெருவில் வாந்திபேதி கண்டது. நம் ஊர்க் கட்டு உனக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் ஏழு குடும்பம் செம்மணல் தேரிக்காட்டைத் தாண்டி வந்து கிணறு தோண்டி அம்மனுக்குப் பீடம் போட்ட நாள் முதல், எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும் வரை ஊரில் இருக்கிறவர்கள் எல்லை தாண்டுவதில்லை, கொடைக்குப் பிறந்த வீடு வந்த பெண்பிள்ளைகளும் அப்படித்தான். போய்விடலாம் என்று முனகினவர்களை ஊர்த்தலைவன் என்ற முறையில் நான்தான் அதட்டி உட்கார வைத்தேன். எல்லோரும் அந்த ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம். பதினொரு பேர் போய்விட்டார்கள். கீழத்தெருத் தேவகனி வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை, பூட்டியே கிடக்கிறது.

ஐந்தாம் நாள் மதியம் மாப்பிள்ளை செந்தூர்பாண்டி வண்டி கட்டிக்கொண்டு எல்லைக்கல் வரை வந்தார். கைப்பிள்ளையோடு கொடைக்கு வந்திருந்த தங்கத்தாய் அப்போது நன்றாகத்தான் இருந்தாள். அவளையும் பிள்ளையையும் அனுப்புங்க மாமா, உங்க காலைப் பிடிக்கேன் என்று மண்ணில் விழுந்தார். தலைவன் வீட்டிலேயே கட்டை மீறினா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான், போங்க மாப்பிள்ளே, காப்பு அவிழ்த்ததும் நானே கொண்டாந்து விடுதேன் என்று விரட்டிவிட்டேன். அவர் வந்து போனதை வீட்டில் மூச்சு விடவில்லை. ஏழாம் நாள் காலையில் அவளுக்குக் கண்டது, சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அய்யா, அவுகளுக்கு ஆள் அனுப்புனீகளா என்று கேட்டாள். அனுப்பியிருக்கேன், வாராக என்று பொய் சொன்னேன். காப்பு அவிழ்த்த பிறகுதான் அவருக்குச் சொல்லி அனுப்பினேன், பாவி நான்.

எட்டு மாதப் பெண்குழந்தை தப்பிவிட்டது, நம் வீட்டில்தான் இருக்கிறது. உன் அம்மை தினமும் மாப்பிள்ளையைத்தான் மண்ணை வாரித் தூற்றுகிறாள். ஊரெல்லாம் பேதின்னு கேட்டும் பொண்டாட்டியை ஒரு எட்டு வந்து பாக்காத பய, அவன் கையிலயா எம் பேத்தியைக் கொடுப்பேன் என்கிறாள். பிள்ளையைக் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்தும் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த மனுஷரோ தான் வந்த கதையை யாரிடமும் சொல்லவில்லை. என் மானத்தை அவர் காப்பாற்றுவதுதான் எனக்குச் செருப்படியாக இருக்கிறது. கொடையை நிறுத்தாமல் நடத்திவிட்டீர்களே அண்ணாச்சி என்று ஊரில் புகழுகிறார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நீ இனிமேல் காகிதமே போடக் கூடாது என்று உன் அம்மை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ அப்படிச் செய்யாதே. பிள்ளை தகப்பனிடம் போக வேண்டும். உன் அம்மையிடம் உண்மையைச் சொல்ல நாலு தடவை எழுந்தேன், நாக்கு எழவில்லை ராசா. ஆகையால் நான் எழுதினது அத்தனையும் அம்மைக்கு நீ எழுது, செல்லக்கிளி பேருக்குப் போடு. எழுத்தறியாத உன் அம்மைக்கு நான் வாசித்துக் காட்டினால் மாப்பிள்ளை வந்த இடத்தை விழுங்கிவிடுவேன். செல்லக்கிளி அஞ்சாம் கிளாஸ் படித்தவள், ஒரு எழுத்து விடாமல் கூட்டிக் கூட்டி வாசிப்பாள். அவள் வாசித்து முடிக்கிற வரை நான் எழுந்து போக மாட்டேன், உன் அம்மைக்கு எதிரிலேயே இருப்பேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. காகிதம் போடத் தாமதிக்காதே. அம்மன் உனக்கு நிறைந்த ஆயுசைக் கொடுக்கட்டும்.

உன் அய்யா
சிவனாண்டி