செக்ரோலில் பத்தொன்பது

1963 மே 5, ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைய அதிகாரி சின்ன துரைக்கு விளையாட்டுப் பைத்தியம் இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்தவர். தேயிலையைப் பற்றி அங்கே என்ன கற்றார் என்று தெரியாது. பேஸ்பாலை மட்டும் பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கிரிக்கெட் என்றால் கிளப் மைதானம் வேண்டும். அங்கே எங்களுக்குப் புல் வெட்ட மட்டும் அனுமதி. பேஸ்பாலுக்குத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் சரிவு போதும். பந்து ஆற்றில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

வாரம் முழுவதும் தொழிற்சாலையில் கொழுந்து பரப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பந்து எறிகிறேன். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் ஏறும் குரங்குகளைக் கல்லெறிந்து விரட்டிப் பத்து வருஷம் பழகிய கை.

அப்பா கங்காணி. அவர் சொன்னால் இருபது ஆட்கள் மலை ஏறுவார்கள், இறங்குவார்கள். இன்று நின்று ஆட்டத்தைப் பார்த்தார். "அடிச்சுட்டு ஓடுறான். ஓடிட்டு கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கிறான். இதுக்கு எதுக்குடா ஓடணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே 9

மழை. பயிற்சிக்கு ரத்தம் குடிக்கும் அட்டைகள் மட்டும் தவறாமல் வந்திருந்தன.

மே 19, ஞாயிறு

அடுத்த ஞாயிறு நுவரெலியாவில் வட்டாரத் தகுதிப் போட்டியாம். ஜூலையில் மணிலாவில் சர்வதேச இளைஞர் போட்டி. அதற்குப் போகும் இலங்கை அணியில் மலைநாட்டிலிருந்து இரண்டு பேர். பதினெட்டு நிறையாதவர்களாக இருக்க வேண்டும். இந்த ஆட்டம் தெரிந்த தோட்டங்கள் மலைநாடு முழுவதற்கும் மூன்று. ஆக, மூன்றாவது இடம் இப்போதே நிச்சயம்.

எனக்குப் போக வேண்டும். இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன். அட்டன் டவுனைத் தாண்டியதில்லை. கடலைப் பார்த்ததில்லை.

மே 26, ஞாயிறு

ஜெயித்தோம். பூண்டுலோயாக்காரர்களிடம் கையுறைகள் குறைவு, அதனால் பாதிப் பேர் பந்து வந்தால் மரியாதையாக விலகி நின்றார்கள். உடப்புசல்லாவைக்காரர்கள் நன்றாக ஆடினார்கள். அவர்களுடைய கடைசி ஆளை மூன்றே பந்தில் வெளியேற்றினேன்.

கொழும்பிலிருந்து வந்த பெரியவர் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டார். ஒருவன் உடப்புசல்லாவைக் கிளாக்கர் மகன், யாழ்ப்பாணத்துப் பையன். இன்னொருவன் கணேசமூர்த்தி, லிந்துலை. அது நான்தான். வயது கேட்டார். பதினேழு என்றேன். லொறியில் வீடு வரும்வரை பாட்டு. குளிரே தெரியவில்லை.

மே 29, புதன்

கொழும்புக்கு வயதை உறுதிப்படுத்திக் கடிதம் வேண்டுமாம். பெரிய கிளாக்கர் கனகலிங்கம் ஐயா செக்ரோலைத் திறந்தார். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் பேர் போடும் புத்தகம் அது. அதில் இல்லாத எதையும் அவர் நம்பமாட்டார். "தம்பி, இதிலை உமக்குப் பத்தொன்பது எண்டு கிடக்கு. நான் எப்பிடிப் பதினேழெண்டு எழுதுறது?"

எல்லா லயத்திலும் நடக்கிற காரியம்தான். பதினாறு வயதானால்தான் ஆம்பிளைக்கு முழுப் பேர், அதாவது முழுச் சம்பளம், போடுவார்கள். அதுவரை சிறுவர் கூலி. அதனால் பதினாலு வயதுப் பையனைப் பதினாறு என்று சொல்லிப் பதிந்துவிடுவார்கள். மீசைதான் சாட்சி. எனக்கு மீசை வராததால், அப்பா கங்காணி என்பதே சாட்சியாகப் போதுமானதாக இருந்தது.

நான் பிறந்த தேதியைச் சரியாக எழுதிய பிறப்புப் புத்தகமும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. மேல்தட்டில் பதினேழு, கீழ்த்தட்டில் பத்தொன்பது. மூன்று வருஷமாகச் சண்டை சச்சரவு இல்லாத குடித்தனம்.

"அதைப் பாருங்கய்யா" என்றேன்.

"பாக்கலாம். பாத்தால், பொய் சொன்னது ஆரெண்டும் எழுத வேணும்."

ஜூன் 1, சனி

வீட்டில் சொன்னேன். அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாதான், "வயித்துக்காகச் செஞ்சது. அதை இப்ப போயி கெளறணுமா?" என்றாள்.

கெளறணும்னு நானா ஆசப்பட்டேன்? என்னைக் கேக்காமயே ரெண்டு வருஷத்தைக் கூட்டிப்புட்டாங்க. இப்ப கொறைங்கன்னா வாய் வரல. அப்பாவுக்குத் தன்னோட கங்காணி வேல பெருசு. நான் பெருசில்ல —

கடிதம் போய்ச் சேரக் கடைசி நாள் ஏழாம் தேதி.

ஜூன் 3, திங்கள்

காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்தில், அப்பா முன்னால் போனார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தொரைங்களே, மகன் வயசைக் கூட்டிச் சொன்னது நாந்தான். அவனுக்குப் பதினேழுதான். பொய் என்னோடது" என்றார்.

தோட்டத்து மேலாளரான பெரிய துரை நியாயஸ்தர். தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா இனிமேல் கங்காணி இல்லை. மலையில் வடிகால் கான் வெட்டும் கூட்டத்தோடு போக வேண்டும். சனிக்கிழமைவரை அவர் அதட்டிய ஆட்களுக்கு நடுவில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு அடிக்கவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை இங்கே எழுதியதை நினைத்து.

சாயங்காலம் கனகலிங்கம் ஐயா கடிதத்தைக் கொடுத்தார். பதினேழு.

ஜூன் 14, வெள்ளி

பாஸ்போர்ட் படிவம் வந்தது. ஐயா அப்பாவையும் கூப்பிட்டு வைத்து நிரப்பினார். பேர், பிறந்த இடம், உயரம் எல்லாம் சுலபமாகப் போயிற்று. அடுத்த கேள்வி: எந்த நாட்டுப் பிரஜை?

அப்பாவின் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி ஏழு வருஷமாகிறது. எங்கள் தாத்தாக்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று இலங்கை எங்களைத் தன் ஆளில்லை என்கிறது. இந்தியாவோ எங்களைக் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியாததா? தெரியும். ஊரெல்லாம் ஓட்டுப் போடப் போகிற நாளில் ஞாபகம் வரும். பந்து எறிகிறபோது யாருக்கு ஞாபகம் வரும்? வயதைத் திருத்துகிற மும்முரத்தில் சின்ன துரை, கிளாக்கர், நான், எல்லோருமாகச் சேர்ந்து நாட்டை மறந்துவிட்டோம்.

"வயசுன்னா கூட்டியோ கொறைச்சோ சொல்லலாம்" என்றார் அப்பா. "இதுக்கு என்னாத்தச் சொல்றதுங்கய்யா?"

ஐயா பேனாவை மூடினார். "வீரய்யா, அதை வெறுமையா விடுவம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

ஜூன் 27

பாஸ்போர்ட் ஆபீஸால் வெற்றிடம் உள்ள படிவங்களை ஏற்க இயலாதாம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் சின்ன துரை. அடுத்த வருஷம் எனக்கு நிஜமாகவே பதினெட்டு. அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று மணிலாவில் முதல் ஆட்டம். மலைநாட்டிலிருந்து உடப்புசல்லாவைக் கிளாக்கர் மகன் மட்டும் போயிருக்கிறான். யாழ்ப்பாணத்தான், இலங்கைப் பிரஜை. நுவரெலியாவில் என் பந்தை ஒருமுறைகூட அடிக்க முடியாதவன். நன்றாக ஆடட்டும். இந்த ஒரு வரியை எழுத வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் தொழிற்சாலைச் சுவரில் தனியாக எறிந்துகொண்டிருந்தேன். அப்பா வந்தார். மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் வந்த கையில் துணி சுற்றியிருந்தார். சுவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். மெதுவாகத்தான் எறிந்தேன். பிடித்து, திருப்பிப் போட்டார்.

"பதினேழு வயசுக்காரன் போடுற பந்தாடா இது?" என்றார்.

அடுத்ததை வேகமாகவே போட்டேன். பிடித்துவிட்டார்.