பிரிக்காத கடிதங்கள்

12 ஆகஸ்ட் 2014, செவ்வாய்

இன்று நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டில் பொய் சொன்னேன்.

வங்கிக் கடனைப் பேசிக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று கட்டணம் வாங்குகிற கம்பெனி எங்களுடையது. தேங்காய்ப்பட்டணம் செலின் அக்கா அப்படிக் கட்டியவர். வங்கி வீட்டை எடுத்துக்கொண்டதும், தன் தம்பி சொல்லி எங்கள் மேல் வழக்குப் போட்டுவிட்டார்.

"வங்கிக் கடிதம் எதையும் பிரிக்க வேண்டாம் என்று இவரிடம் சொன்னீர்களா?" அக்காவின் வக்கீல் கேட்டார்.

"இல்லை" என்றேன். எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்தபடிதான்.

அக்கா பையிலிருந்து கடிதக் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பதினோரு உறைகள், ஒன்றுகூடப் பிரிக்காதவை. மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். மேலெல்லாம் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. கண்ணை மூடினால் இப்போதும் அந்த மெழுகுதான் தெரிகிறது.

நீதிபதி ஒன்றைப் பிரித்து வாசித்தார். பாதிப் பணம் கட்டினால் கடனை முடித்துக்கொள்கிறோம் என்று வங்கியே எழுதியிருந்தது. கெடு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

நான்தான் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்று, ஒரு முறையல்ல, இரண்டு முறை. "பிரிச்சா வெறுதே பேடி வரும் அக்கா, பயத்துல உறக்கம் போயிரும், அப்படியே வச்சிருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

வெளியே வந்ததும் நழுவப் பார்த்தேன். அக்கா என்னைத் தேடி வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவர் கையில் இன்னொரு உறை இருந்தது.

"மக்கா, இது நேத்து வந்தது. இதப் பிரிக்கலாமா?"