ராத்தாவின் வளவு வழியாக

ஜூன் 17, செவ்வாய்

விடியலிலேயே கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். வேலை செய்யும் துணிக்கடையில் அரைநாள் லீவு எடுத்தேன். முதலாளிக்கு முகம் கோணல். இன்று வங்கியில் இருந்து வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வருகிறார்.

செய்ய வேண்டியவை:
கிணற்றடிப் பாசி தேய்ப்பது.
காணி உறுதி, பிளான், இரண்டுக்கும் ஃபோட்டோ கொப்பி.
ஹோலில் வெடித்த சுவருக்கு முன்னால் அலுமாரியைத் தள்ளி வைப்பது (மனைவி ரஹீமாவின் மூளை).

அலுமாரியைத் தள்ளி முதுகு பிடித்துவிட்டது. ஷிப்னாவுக்குச் சிரிப்பு. "வாப்பா, அவரு பொம்புள பாக்க வாறல்ல, வீடு பாக்க வாறாரு."

இரண்டும் ஒன்றுதான் மகளே. ஒரே மகள், வீடு உனக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்பது முடிந்த வீடு. எங்களிடம் இருப்பதோ கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மேல்மாடி. அதை முடிக்க வங்கிக் கடன். கடன் வந்தால் டிசம்பரில் கலியாணம்.

அன்றே, பின்னேரம்

மதிப்பீட்டாளர் வந்து போய்விட்டார். (எழுத நீளமாக இருக்கிறது. இனி ம.) மட்டக்களப்பு மனிதர், மரியாதையானவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கையில் ஒரு சின்னக் கருவி, சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தால் அளவு வந்துவிடுகிறது. நாளெல்லாம் துணி அளப்பவன் நான். இன்று என்னை அளந்தார்கள். நல்லாக இல்லை.

சுவரைத் தட்டினார். கூரை மரம் என்ன மரம் என்று கேட்டார். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

எப்படி விலை போடுவீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"காணிக்கு பேர்ச் கணக்கில ஒரு விலை. கட்டடத்துக்குச் சதுர அடிக்கு ஒரு விலை, அதில பழசுக்குக் கழிப்பன். கிட்டடியில பக்கத்தில வித்த வீடு இருந்தா அதோட ஒப்பிட்டும் பாப்பன்."

"இஞ்ச ஆரும் வீடு விக்கிறல்ல சேர். பொம்புளப் புள்ளைக்குக் குடுக்கிற."

"அதுதான் இந்த ஊரில கரைச்சல்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் சிரிப்பு.

பிறகு பிளானை விரித்துக்கொண்டு வாசல் கடப்படியில் நின்றார்.

"உங்கட பாதை எந்தப் பக்கம்?"

"இதாலதானே சேர் வந்தீங்க."

"இது முன் காணி எல்லோ?"

"ஓம், எண்ட பொஞ்சாதிட ராத்தாட வளவு."

"உறுதியில பாதை இல்லையே. பிளானிலயும் இல்ல."

ம. குரலைத் தாழ்த்தினார். "வங்கிட கண்ணுக்கு உங்கட காணிக்கு வாசல் இல்ல. நாளைக்கு ஏலத்தில எடுக்கிற ஆள் எதால உள்ளுக்குப் போறது? நான் நல்லாக் குறைச்சுத்தான் போட வேணும். அவங்க பாதை எழுதித் தந்தா கதை வேற."

பிளேன்டியைக் குடித்தார். கேக் அப்படியே இருந்தது.

ஜூன் 18, புதன்

ரஹீமாவிடம் கேட்டேன். மாமி காணியைப் பிரித்தபோது முன்பக்கம் மூத்த மகள் ராத்தாவுக்கு, பின்பக்கம் இளையவள் இவளுக்கு. பாதை எழுதவா என்று உறுதி எழுதிய நொத்தாரிஸ் அன்றைக்கே கேட்டிருக்கிறார். மாமிக்குக் கோபம். "ஒரு வயித்துப் புள்ளையள் நடக்கிறதுக்கும் எழுத்தா?" நொத்தாரிஸ் பேனையை மூடிவிட்டாராம்.

எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் இதே கதைதான். கல்முனைக்குடியில் பாதி வீட்டுக்குக் காகிதத்தில் வாசல் இருக்காது.

நான் போய்க் கேட்க முடியாது. மாப்பிள்ளையாக வந்தவன். கல்லும் சீமெந்தும் என்னுடையது, மண் அவர்களுடையது. இத்தனை வருடம் ஒவ்வொரு காலையும் ராத்தாவின் குசினிப் பக்கமாக ஸலாம் சொல்லிக்கொண்டு நடந்தவன், அது இன்னொருவர் காணி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்று காலை கால் கூசியது.

கடையில் திரைச்சீலைத் துணியைக் குறைத்து வெட்டிவிட்டேன். முதலாளி கண்டுவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட கையோடு ரஹீமா போனாள். நான் வேலியோடு நின்று ஒட்டுக்கேட்டேன். வெட்கம்தான். நின்றேன்.

ராத்தா அழுகிறார். "நட புள்ள. மௌத்தாகும் வரைக்கும் நட. ஆரு மறிச்ச? எழுதித் தா எண்டு மட்டும் கேக்காத. வளவு இப்ப எண்ட இல்லகா, ஃபஸ்மியாக்கு எழுதிக் குடுத்தாச்சு. குடுத்த சீதனத்தில கையப் போட்டா மருமகன் என்ன நினைப்பாரு?"

ஃபஸ்மியா ராத்தாவின் மகள். புருஷன் கத்தாரில்.

ரஹீமா திரும்பி வந்து, கழுவிய அரிசியை மறுபடி கழுவினாள்.

ஜூன் 23, திங்கள்

கத்தாரில் இருந்து ஃபஸ்மியாவின் மாப்பிள்ளை எனக்கே கோல் எடுத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

"மாமா, கோவிக்க வேணாம். பாதை எழுதினா எங்கட காணிட பெறுமதி குறையுமாம், நொத்தாரிஸ் சொல்றாரு. எங்களுக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி, மாமா."

சரி மகன் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நாள் முழுக்க யோசித்தேன். கிடைக்கவில்லை. அதுதான் ஆத்திரம்.

தலையிடி. பனடோல் வாங்க மறந்தேன்.

ஜூன் 26, வியாழன்

வங்கியில் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார்கள். அந்த மதிப்புக்குத் தரும் கடனில் மேல்மாடிச் சுவர் எழும்பும், கூரை எழும்பாது.

எழுதியிருப்பவை: வெடிப்பு, ஈரம், முடிக்காத மேல்தளம், அணுகுபாதை இல்லை.
எழுதாதவை: கிணற்றில் உப்பில்லாத தண்ணீர். சுனாமிப் பேரலை வந்த அன்று ஒழுங்கைச் சனமெல்லாம் எங்கள் மேல்மாடித் தட்டில் ஏறி நின்றது.

ம. மீது கோபமில்லை. அவருடைய படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஷிப்னாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் உம்மா ஃபோன் பண்ணினார். "அவசரமில்ல, வீடு முடியட்டும், மறுகா கதைப்பம்." ரஹீமா ஓம் ஓம் என்று தலையாட்டினாள், ஃபோனில் தெரியும் போல. ஷிப்னா சட்டைகளை அயன் பண்ணினாள், நான் போடாத பழைய சேர்ட்டையும் சேர்த்து.

என் பிள்ளைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 2, புதன்

காற்று இல்லை. புழுக்கம். கடையில் சம்பளம் தரும் நாள், தரவில்லை.

பின்னேரம் வந்தால் ராத்தாவின் வளவு வாயிலில் வெல்டிங் நெருப்பு. இரும்புக் கேட். நீண்ட காலம் சும்மா நடக்கவிட்டால் நடப்பவருக்கே உரிமை வந்துவிடுமாம், கேட் போட்டு, அனுமதி என்று சாவி கொடுத்தால் வராதாம். வெல்டிங்காரர்தான் சொன்னார், கத்தாரில் இருந்து வந்த உத்தரவு என்று. நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் யாருக்கும் இந்த யோசனையே வந்திருக்காது.

ராத்தா எங்களுக்கும் ஒரு சாவி கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோழி ரோட்டுக்குப் போகுது, அதான் போட்ட." ரஹீமா, "ஓம் ராத்தா, கோழிக்கு நல்லம்" என்றாள். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் கோழியைப் பற்றியே கதைத்தார்கள்.

ஷிப்னா வேலைவிட்டு வர மஃரிப் ஆகி இருட்டிவிட்டது. அவளுக்குச் சாவி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் இருந்து தட்டும் சத்தம் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. யாரோ விருந்தாளி என்று ரஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய், "ஆரு?" என்று கேட்டாள்.