தலையாட்டியை முதலில் கண்டவன் நீ

இன்னும் எங்கேயோ முன்வரிசையில் இருந்து படம் பார்க்கும் என் யோகன் மச்சானுக்கு,

இன்று நாங்கள் வென்றுவிட்டோம். நீ இருந்திருந்தால் இந்தச் சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகர ட்ராமுக்குள் விசிலடித்திருப்பாய்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் திரைப்பட வட்டத்தில் நீ வாசித்த கட்டுரை நினைவிருக்கிறதா? ஐம்பதுகளில் அமெரிக்கச் சினிமாக்காரரை விசாரணைக் குழுவின் முன் இருத்தி, கம்யூனிஸ்ட் கூட்டாளிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். வாய்திறக்கப் பயந்தவர்கள் தங்கள் கோபத்தைக் கௌபாய்க் குதிரைப் படங்களுக்குள் ஒளித்துவைத்தார்கள் என்றாய்.

வட்டத் தலைவர் பரமசிவம் உன்னை முடிக்க விடவில்லை. "ஐசே, மாடு மேய்க்கிற படத்துக்கை என்ன அரசியல் கிடக்கு?" சபை சிரித்தது. அதற்குப் பிறகு நீ ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாமலே செத்தும் போய்விட்டாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

அதே பரமசிவம் இப்போது இங்கே என்னைப்போல அகதி. ஆஸ்பத்திரிக் குசினியில் நான் சட்டி கழுவுகிறேன், அவர் தட்டுத் துடைக்கிறார். தலைவர் தோரணை மட்டும் குறையவில்லை.

இன்று பின்னேரம் தேவாலய மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்குப் பழைய குதிரைப் படம் ஒன்று காட்டினார்கள். பேச்செல்லாம் ஜெர்மன், ஒருவருக்கும் விளங்கவில்லை. நடுவில் ஊர் ஆண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். வண்டிக்குள் ஒருவன், முகத்தில் துணி. ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும். அவன் தலையசைத்தால் ஆள் முடிந்தான்.

ஆமிச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடிய காட்டிக்கொடுப்பவன் முன்னால் நின்று வந்தவர்கள்தானே நாங்கள்?

"ஐயோ, தலையாட்டி! எங்கட தலையாட்டியெல்லோ இவன்!"

கத்தியவர் பரமசிவம்.

நான் எழும்பினேன். "மாடு மேய்க்கிற படத்துக்கை என்ன அண்ணை அரசியல்?"

"விடும் ஐசே. யோகன் சொன்னது சரிதான்."

"எனக்கில்லை. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அந்தப் படத்தை எடுத்தவன் எங்களை எங்கே கண்டான், மச்சான்?

பரமசிவத்தை மன்னித்தேனா என்று மட்டும் கேட்காதே. உன் கட்டுரையை உன் தங்கச்சி சேலைக்குள் சுற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறாள். அடுத்த படத்துக்கு முன்னால், அதே மண்டபத்தில், அதைப் பரமசிவமே வாசிக்கப்போகிறார். முன்வரிசையில் இருப்பேன். ஒரு வரியை விழுங்கினாலும் முதலிலிருந்து வாசிக்க வைப்பேன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் பக்கத்துக் கதிரைக்காரன்.