ரோஸி சொன்ன பெயர்

திருப்பாதிரிப்புலியூர்,
16.6.2007

பிரியமுள்ள மாமாவுக்கு,

பிரிசில்லா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் அப்பாவும் நலம். உங்கள் நலத்தையும் விசாரிக்க வேண்டும்தான், ஆனால் மனசு அந்த நிலையில் இல்லை. போனில் எதைக் கேட்டாலும் பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

தங்கை இசைவாணியின் பிரசவத்துக்காக நான் திட்டக்குடியில் இருந்த மூன்று மாதமும் நம் கிளி ரோஸி உங்களோடு சிதம்பரம் அண்ணாமலை நகர் ரூமில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆசையாக வைத்த மீன் குழம்பைத் தொடாமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினீர்கள். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

நீங்கள் கொண்டுவந்தது நம் ரோஸிதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. கொய்யாவைத் தள்ளிவிடுகிறது. ஊறவைத்த கடலையைக் கிளறி எறிகிறது. எதிர்வீட்டுச் சவரியம்மாள் அக்கா ஒரு பிடி நெல் போட்டதும் அவ்வளவையும் உரித்துத் தின்றது. நம் வீட்டில் என்றைக்குக் கிளிக்கு நெல் போட்டோம்? இறக்கை நுனியும் குட்டையாக இருக்கிறது. பூனை கடித்தது என்றீர்கள். கத்தரிக்கோல் வைத்துக் கடிக்கிற பூனை எந்த ஊர்ப் பூனை?

அதெல்லாம் போகட்டும். செவ்வாய்க்கிழமை காலை நான் அடுப்படியில் இருக்கும்போது முன்னறையிலிருந்து உங்கள் குரல் கேட்டது. “பொன்னி, வாம்மா. வாம்மா பொன்னி.” வந்துவிட்டீர்கள் என்று கரண்டியோடு ஓடினேன். கூண்டுக்குள் ரோஸி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. அதிலிருந்து தினமும் பத்துத் தடவை சொல்கிறது.

யார் அந்தப் பொன்னி? கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னை ஒரு நாளாவது அப்படிக் குழைந்து கூப்பிட்டதுண்டா? “ஏ பிரிசி” என்பதோடு சரி. ஒரு தடவை காதில் விழுந்ததை நம் கிளி சொல்லாது. நூறு தடவை கேட்டால்தான் சொல்லும். அதை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு உங்கள் சட்டைக் காலரில் வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். நீங்கள் பவுடர் போடுகிறவர் இல்லை. மாணவர்களின் ஆய்வேடுகளை பைண்டிங் செய்கிற கைக்கு நகக்கண்ணில் எப்போதும் பசை இருக்கும், கிறிஸ்துமஸுக்குக்கூடப் போகாது. இந்தத் தடவை நகம் பளிச்சென்று இருந்தது. உங்கள் பைண்டிங் கடைக்குப் போன் போட்டால் மணியே அடிப்பதில்லை. லைன் ரிப்பேர் என்றீர்கள். மூன்று மாதமாகவா ரிப்பேர்?

உள்ளதை உள்ளபடி எழுதவும்.

இப்படிக்கு,
பிரிசில்லா


திருப்பாதிரிப்புலியூர்,
27.6.2007

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்றா சொல்வது? “பொன்னி என்று எந்தப் பெண்ணும் இல்லை, நீ ஜெபம் பண்ணு.” இரண்டே வரி. ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கென்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும்.

உங்கள் அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ஊர்ச் சபையில் நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். கிளி கூப்பிடுவதைக் கேட்டு, யாரம்மா பொன்னி என்றார். பக்கத்து ரூம்காரரின் குழந்தை என்று பொய் சொன்னேன். உங்களுக்காகப் பொய் சொல்லவும் பழகிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ரூமில் யார் இருந்தாலும் இருக்கட்டும்.

பிரிசில்லா


திருப்பாதிரிப்புலியூர்,
30.6.2007

என் அன்பு மாமாவுக்கு,

இன்று வருவதாக எழுதியிருந்தேன். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் வரவில்லை, காரணம் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் கூண்டில் பேப்பர் மாற்றக் கதவைத் திறந்தேன். சவரியம்மாள் அக்காவும் உட்கார்ந்திருந்தார். ரோஸி வழக்கம்போல் “பொன்னி, வாம்மா” என்றது. அக்கா விளையாட்டாக அதையே திருப்பிச் சொன்னார். கதவைத் திறந்தால் ஜன்னல் திரையில் ஏறி ஒளிந்துகொள்கிற கிளி, குடுகுடுவென்று வெளியே நடந்துவந்தது மாமா. வருஷப் பிறப்புக்கு ஆளுக்கொன்று எடுப்போமே, வேத வசனம் அச்சடித்த அந்த வாக்குத்தத்த அட்டைப் பெட்டி மேஜைமேல் திறந்திருந்தது. நேரே அதற்குப் போய் அட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கால் உருவிப் போட்டது. ஏழாவதோ எட்டாவதோ ஒன்றை எடுத்து அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கையைப் பார்த்து நின்றது. நெல்லுக்கு!

அக்கா வாயில் கைவைத்துவிட்டார். “அடியே பிரிசி, செதம்பரம் கீழவீதியில ஜோசியக்காரன் கிளி இப்புடித்தாண்டி எடுக்கும்! யாருகிட்ட வுட்டு வச்சிருந்தாரு ஒங்க வூட்டுக்காரரு?” நான் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பொன்னி யாரென்று தெரிந்துவிட்டது. ரோஸி என்று கிறிஸ்தவப் பெயரில் கூப்பிட்டால் ஜோசியம் கேட்க வருகிறவர்கள் எழுந்து போயிருப்பார்கள். காலரில் இருந்தது பவுடர் இல்லை, திருநீறு. கடை எப்போது மூடியது மாமா? நான் திட்டக்குடிக்குப் புறப்படும் முன்பேவா? உபதேசியார் மகன், வேதபாடப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கியவர், நெற்றியில் பட்டையோடு வீதியில் உட்கார்ந்து ஊராருக்கு என்ன பலன் சொன்னீர்கள்? நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கண்டவளையும் நினைத்து மூன்று வாரம் வெந்தேனே.

ஆனால் கோபத்தையெல்லாம் ஒரு நினைப்பு அடக்கிவிட்டது. கிளியைக் கொண்டுவந்து விட்டால்தான் ஆச்சு என்று போனில் சண்டை போட்டவள் நான். நீங்கள் மறுபேச்சு இல்லாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து எதை வைத்துச் சாப்பிடுகிறீர்கள்? குழம்பைத் தொடாமல் ஓடியது, நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதானே?

நான் அங்கே வந்து நின்றால் உங்களுக்கு அவமானமாக இருக்கும். அதனால்தான் வரவில்லை. நீங்களாக வாருங்கள். அப்பாவுக்கு என் வாயால் எதுவும் தெரியவராது. ரோஸி எடுத்த அட்டையை நான் படிக்கவில்லை. அக்காவையும் படிக்கவிடவில்லை. மடித்து உங்கள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், அது உங்களுக்கு வந்தது.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக நம் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பாராக. பொன்னியை எந்தக் குரலில் கூப்பிட்டீர்களோ, அதே குரலில் நான் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாங்க மாமா.

உங்கள்
பிரிசி